பல் தேய்ந்த இடம்

இன்னொரு தடவை திருப்பு என்கிறேன், பரஞ்சோதி தன் ஜீப்பின் சாவியைத் திருப்புகிறான், கர்ர்ர் என்று இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம், பிறகு கடி நழுவி, எஞ்சினை உசுப்ப வேண்டிய செல்ஃப் மோட்டார் மட்டும் தனியாக வீய்ங் என்று சுற்றுகிற சத்தம், எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதும், விடு, இருக்கிற பல்லையும் தின்னுடும். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தாயிற்று, வெளிச்சம் மங்கவில்லை, பேட்டரியில் குறை இல்லை, ஒயரும் சூடாகவில்லை. அப்படியானால் மோட்டாரின் முனையில் இருக்கிற சின்னப் பல்சக்கரம், இல்லையென்றால் அது முன்னால் போய்க் கடிக்க வேண்டிய பெரிய சக்கரம், ஃப்ளைவீல், அதன் விளிம்பில் இருக்கிற பல். இரண்டில் ஒன்று. இரண்டுமாகவும் இருக்கலாம். முப்பது வருஷமாக இந்தக் கூடலூரில் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவனுக்குச் சத்தமே போதும், கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் கழற்றத்தான் போகிறேன், மெதுவாக, ஒவ்வொரு போல்ட்டாக, ஏனென்றால் கழற்றி முடிகிறவரைக்கும் எனக்குத் தெரியாது என்று நான் இருந்துகொள்ளலாம். "எட்வின் அண்ணே, சரி பண்றது அப்புறம். என்னான்னு பாத்துச் சொல்லுங்க. என்னான்னு எனக்குத் தெரியணும்" என்கிறான் பரஞ்சோதி. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஷெட் வாசலைப் பார்க்கிறான். வாசலில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் மனைவி கமலவேணி உட்கார்ந்திருக்கிறாள். வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ கொஞ்சம் வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல. வலது காலில் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ரிப்பனால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். சிவப்பு ரிப்பன், மகளுடைய பள்ளிக்கூட ரிப்பனாக இருக்கும். காலையில் கைகால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறான், திரும்பும்போது வண்டி எடுக்கவில்லை, நாலு பேர் தள்ளிவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். பேச்சு போய் இரண்டு மாதம் ஆகிறது. மற்றவர்கள் பேசுவது அவளுக்கு எல்லாம் விளங்குகிறது, அதைத்தான் டாக்டர் முதலில் சொன்னாராம், எல்லாம் விளங்கும், பார்த்துப் பேசுங்கள் என்று.

நான் பார்த்துப் பேசுகிறேன். பேசாமலே இருக்கிறேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைக்கிறேன், அது இறுகிப்போய் இருக்கிறது, நான் இறுக்கியதுதான், ஆடி மாதம் இந்த மோட்டாரைச் சரிபண்ணி மாட்டியபோது, இதே கையால். புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், நேரம் மட்டும் மூன்று பேர் வாயிலும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு அவளுக்குக் கை தடுமாறியிருக்கிறது. எட்டு மணிக்கு, பரஞ்சோதி காலை ட்ரிப் முடித்து வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் விழுந்து கிடந்தாள், வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஆம்புலன்ஸ் கீழேயிருந்து அவர்கள் இருக்கிற தேயிலை எஸ்டேட்டுக்கு ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். வாசலிலோ ஜீப் நிற்கிறது. தூக்கிப் பின்னால் படுக்க வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் கர்ர்ர். ஜீப்பின் மூக்கு லைன் வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது, முன்னால் தள்ள இடமில்லை, பின்னால் மேடு, ஆட்கள் எல்லாம் மூன்றாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார்கள். ஓடிப் போய் ஆள் கூட்டி வந்து, மேட்டில் பின்னுக்கு ஏற்றி, பாதையின் இறக்கத்தில் விட்டு எஞ்சினைப் பிடித்தபோது எட்டே முக்கால். சாவியை முதலில் திருப்பியதிலிருந்து நாற்பது நிமிஷம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம், நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், ஏழிலிருந்து பார்த்தால் பதினொன்றரை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் இறங்கியபோது பதினொன்று ஐம்பது. இதை நான் கேட்ட நாளிலிருந்து பதினொன்று ஐம்பதிலிருந்து நாற்பதைக் கழித்துக்கொண்டே இருக்கிறேன். பல் தேய்க்கும்போது கழிக்கிறேன், ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போது கழிக்கிறேன், விடை மாறுவதே இல்லை, பதினொன்று பத்து. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பரஞ்சோதி என் கையைப் பிடித்துக்கொண்டான், வண்டியைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை, ஆப்பிளை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கேட்காமல் விட்டானே என்று பஸ்ஸில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்.

மூன்றாவது போல்ட்டும் வந்துவிட்டது. பரஞ்சோதி மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறான். "மெடிக்கலுக்குப் போயிட்டு டீயும் வாங்கியாரேன்ணே. இவ இங்கேயே இருக்கட்டும். பயப்படாத கமலா, அண்ணன் இருக்காரு" என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போகிறான். பயப்படாதே, அண்ணன் இருக்கிறார். நான் மோட்டாரை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே இழுக்கிறேன், ஈயத்தைப்போலக் கனக்கிறது, முன்பெல்லாம் ஒற்றைக் கையால் எடுப்பேன். பெஞ்சில் வைத்துத் துணியால் துடைக்கிறேன். சின்னச் சக்கரத்தின் பற்கள் முன் பக்கமாகச் சிதைந்திருக்கின்றன, ஓரங்கள் நாய் கடித்த எலும்பைப்போல இருக்கின்றன. நான் மாட்டியது. புதுசு, ஆடியில் புதுசு. நாலு மாதத்தில் புதுப் பல் இப்படிப் போகாது, நல்ல பல்லில் போய்க் கடித்திருந்தால் நாலு வருஷம் ஆனாலும் போகாது. மோட்டார் இருந்த இடத்தில் இப்போது ஓட்டை, உள்ளங்கை அகலம், அதற்குள் இருட்டு, இருட்டுக்குள் ஃப்ளைவீலின் விளிம்பு. முகம் பார்க்கிற கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு குனிய வேண்டும். குனியவில்லை. அவள் பார்க்கிறாள். நிமிராமலே எனக்குத் தெரிகிறது, முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல. ஆடியில் அன்றைக்கும் இதே மாதிரி ஓட்டைக்கு முன்னால்தான் நின்றேன். சின்னச் சக்கரம் போயிருந்தால் பெரிய சக்கரத்தை முழுச் சுற்றும் சுற்றிப் பார்க்காமல் புதுசை மாட்டக் கூடாது, எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், சுற்றிப் பார்க்காமல் மாட்டுகிறவன் மெக்கானிக் இல்லை என்று வாய்ச்சவடால் பேசியிருக்கிறேன். அன்றைக்குக் கால்வாசி சுற்றினேன். கால் சுற்றில் எல்லாப் பல்லும் சரியாக இருந்தது. கடைசியாகத் தெரிந்த பல்? கண்ணாடியின் ஓரத்தில், வெளிச்சம் எட்டியும் எட்டாத இடத்தில், ஒரு பல்லின் முனை கொஞ்சம் மழுங்கினதுபோல இருந்ததா, இல்லை அது கிரீஸா, இல்லை அப்படி ஒன்று இருந்ததாக இந்த இரண்டு மாதத்தில் நானே செய்துகொண்டேனா? அந்த இடத்துக்கு வந்தால் நினைவு கடிக்க மாட்டேன் என்கிறது. சும்மா சுற்றுகிறது. மழை பெய்தது, அது உண்மை, கூடலூர் ஆடி மழை, தகரத்தில் பேச்சு கேட்காது. கரண்ட் இல்லை, அதுவும் உண்மை. டார்ச்சில் பேட்டரிக் கட்டை மட்டம். இடுப்பு வலி. எல்லாம் உண்மைதான், எல்லாம் சேர்ந்தும் போதவில்லை.

"தங்கச்சி, குளிருதா? கதவைக் கொஞ்சம் சாத்தட்டுமா?" என்று கேட்கிறேன். தலையை ஆட்டுகிறாள், வேண்டாம். முன்பு இவள் பேச்சுக்கு நிறுத்தமே இருக்காது. கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவியும் இவளும் மாறி மாறிப் பேசி அடுப்பில் இருந்ததைத் தீயவிட்டிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும்போது கங்காணியை இவள் கேட்ட கேள்விகளை எஸ்டேட்டில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் முன்பக்கம் போய், எஞ்சினைக் கையால் சுற்றுவதற்குக் கிராங்க் நட்டில் பெரிய ஸ்பேனரை மாட்டுகிறேன். அன்றைக்குத் தொடங்கிய மாதிரியே, முன்பக்கத்துப் புல்லியில் இருக்கிற குறி மேலே வரும்வரை முதலில் சுற்றி வைத்து, சாக்பீஸால் ஓட்டைக்கு நேரே ஒரு பல்லில் கோடு போட்டு அங்கேயிருந்து தொடங்குகிறேன். ஓர் இழுப்பு, நாலைந்து பல் நகர்கிறது, ஓட்டைக்கு வந்து குனிந்து பார்க்கிறேன், மறுபடி முன்னால் போய் ஓர் இழுப்பு. நல்ல பல், நல்ல பல், நல்ல பல். எஞ்சின் கம்ப்ரெஷனில் இறுகி, எதிர்த்து, பிறகு பெருமூச்சு விட்டதுபோல இளகுகிறது. முப்பது வரை எண்ணுகிறேன், கால் சுற்று. அன்றைக்கு நிறுத்திய இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சாமி, இன்னும் ஓர் இழுப்பில் எல்லாம் நன்றாக இருந்துவிடட்டும், கோளாறு வேறு எங்கேயாவது இருக்கட்டும். இழுக்கிறேன். குனிகிறேன். முப்பத்தொன்று மழுங்கல். முப்பத்திரண்டில் பாதி இல்லை. முப்பத்து மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பல் என்று சொல்லவே முடியாது, ஈறுதான் இருக்கிறது. ஏழிலிருந்து மறுபடி நல்ல பல். எதிர்ப்பக்கத்தையும் பார்க்காமல் எனக்குத் தெரியும், நாலு சிலிண்டர் எஞ்சின் அணைக்கும்போது கண்ட இடத்தில் நிற்காது, இரண்டே இடம், எதிர் எதிராக, பத்தில் ஒன்பது தடவை அங்கேதான் நிற்கும், அங்கேயேதான் மோட்டார் கடிக்கும், வருஷக்கணக்காகக் கடித்துக் கடித்து மற்ற பல்லெல்லாம் புதுசாக இருக்க அந்த ஐந்தாறு மட்டும் சாகும். பார்க்கிறேன். எதிர்ப்பக்கமும் போயிருக்கிறது. பழைய தேய்மானம், ஓரங்கள் கறுத்து மழமழவென்று இருக்கின்றன. நாலு மாதத்துத் தேய்மானம் இல்லை. ஆடியில் இது இங்கே இருந்தது. நான் இதிலிருந்து ஓர் இழுப்புத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மத்திக் குழம்பு. அதுதான். மழையும் இல்லை, கரண்டும் இல்லை, டார்ச்சும் இல்லை. மத்தி வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறேன், சூடாக வந்து சாப்பிடுங்கள் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே பேசினேன். அந்த ஒரு பல்லைப் பார்த்தேன், பார்த்ததுபோல இருந்தது, இன்னும் சுற்றிப் பல் போயிருப்பது தெரிந்தால் கியர் பாக்ஸை இறக்க வேண்டி வரும், இறக்கினால் சாயந்திரம் ஆகும் என்று மனசு ஒரு கணத்தில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டது, கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். "ஓடும், கொண்டு போ" என்றேன். நன்றாகச் சாப்பிட்டேன், அதுவும் நினைவிருக்கிறது, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன். இப்போது கண்ணாடியில் பல்லுக்குப் பதிலாக என் முகம் ஒரு துண்டு தெரிகிறது, கண்ணும் புருவமும், வேறு யாரோ. சரி, இதைச் சொல்லிவிடலாம். இது என் குற்றம், சொல்வது என் பாடு. இதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதே, அதை என்ன செய்வேன்? பல் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் ஊரைக் கூட்ட வேண்டாம், இறக்கம் வேண்டாம். டாப் கியரில் போட்டு ஒற்றை ஆள் தோள் கொடுத்து ஓர் ஆட்டு ஆட்டினால் போதும். வண்டி நாலு விரற்கடை நகர்ந்தால் ஃப்ளைவீல் திரும்பி நல்ல பல் வந்துவிடும், சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். நாலு விரற்கடை. சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவில் அவ்வளவு இடம் கட்டாயம் இருந்திருக்கும். ஆடியிலேயே பல் போயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் கூடவே இதையும் சொல்லியிருப்பேன், யாருக்குமே இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். இப்போது சொன்னால்? அவன் வாழ்நாளெல்லாம் அந்த வாசலில் நின்று வண்டியை ஆட்டிக்கொண்டே இருப்பான். சொல்லாமல் விட்டால் அது கருணையா, இல்லை மறுபடியும் கண்ணாடியைக் கீழே வைக்கிற வேலையா? எனக்குக் கருணைக்கும் சோம்பலுக்கும் வித்தியாசம் தெரிந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கிறேன். கமலவேணி இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டிக்கொண்டிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி. பிரித்த விரல் மறுபடி மடங்குகிறது. மறுபடி பிரிக்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறாள்.

பரஞ்சோதி மாத்திரைக் கவரும் பன் பொட்டலமும் டீ பார்சலுமாக ஏறி வருகிறான், தலையெல்லாம் தூறல். "என்னாண்ணே?" இங்க வா என்று கூப்பிட்டு டார்ச்சைக் கொடுத்து, கண்ணாடியை நான் பிடித்துக் காட்டுகிறேன். "ரெண்டு இடத்துல போயிருக்கு. எதிர் எதிரா. எஞ்சின் அந்த இடத்துல நின்னா செல்ஃப் கடிக்காது." "எப்பலேருந்துண்ணே இது?" "ஆடியிலயே இருந்திருக்கு. நான் சக்கரத்த முழுசாச் சுத்திப் பாக்கல." அவன் டார்ச்சை அணைக்கவில்லை. மெதுவாகக் கேட்கிறான், "பாக்கலையா, பாத்துட்டுச் சொல்லலையா?" இரண்டு மாதமாக நான் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு ஒருவர் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது. "ஒரு பல்லப் பாத்தேன். மேல சுத்திப் பாக்க மனசு வரல. வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டாங்க, போயிட்டேன்." அவன் முகம் மாறவில்லை. இதோடு நிறுத்திக்கொள்ளலாம், நிறுத்தினால் யாருக்கும் தெரியாது என்று மனசு சொல்கிறது, அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல், அதனாலேயே மிச்சத்தையும் சொல்கிறேன், டாப் கியரையும் நாலு விரற்கடையையும். "அன்னைக்கே இத உனக்குச் சொல்லி அனுப்பியிருக்கணும். அது உனக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல பரஞ்சோதி. எனக்குத்தான் தெரியும்." அவன் தன் கையைத் தூக்கி நாலு விரலையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறான். அப்படியே பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிடுகிறான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஏழு மணிக்கு டம்ளரக் கீழ போட்டா" என்கிறான், என்னிடம் இல்லை, தரையிடம். "டீ பூராவும் என் கால்ல. கண்ணு எங்கடி இருக்குன்னு கேட்டேன். வாய் கொழகொழன்னு என்னமோ சொன்னா. தூக்கக் கலக்கம்னு நெனச்சுக்கிட்டு ட்ரிப்புக்குப் போயிட்டேன். ஒரு மணி நேரம்ணே. ஒரு மணி நேரம் அவ தனியா... நீங்க நாப்பது நிமிஷம்னா நான் ஒரு மணி நேரம். ரெண்டு மாசமா இந்த வண்டிதான், இந்த வண்டிதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். இன்னைக்கு நீங்க பாத்துட்டு வண்டி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துகிட்டேதான் வந்தேன்." அவன் அழ ஆரம்பிக்கிறான், பெரிய உடம்பு, டயரோடு சேர்ந்து குலுங்குகிறது. இல்லடா, நீ டாக்டரா, உனக்கு எப்படித் தெரியும், எம்மேலதான் என்கிறேன். இல்லண்ணே, எம்மேலதான் என்கிறான். நான் மறுபடி சொல்கிறேன், அவன் மறுபடி சொல்கிறான், இரண்டு பேர் குரலும் உயர்கிறது, யாரோ பார்த்தால் சண்டை என்றுதான் நினைப்பார்கள், ஒருவன் கையிலிருந்து மற்றவன் எதையோ பிடுங்குவதுபோல. டமார் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம். கமலவேணி எழுந்து வந்து ஜீப்பின் மட்கார்டில் இடது உள்ளங்கையால் அறைந்திருக்கிறாள்.

பரஞ்சோதி ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்க்கிறான், தோளை உதறிக்கொள்கிறாள். மட்கார்டைப் பிடித்தபடி வலது காலை இழுத்து இழுத்து ஓட்டை இருக்கிற பக்கம் வருகிறாள். கண்ணாடியைக் காட்டுகிறாள், காட்டு என்று. ஒரு கையில் கண்ணாடியும் ஒரு கையில் டார்ச்சுமாக நான் பிடிக்கிறேன், குனிந்து பார்க்கிறாள். விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டுகிறாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆகிறது. டார்ச்சையும் கண்ணாடியையும் அவள் புருஷனிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் ஸ்பேனரைப் பிடித்து இழுக்கிறேன். அவள் பார்க்கிறாள். மட்கார்டில் ஒரு தட்டு, மேலே போ. இழுக்கிறேன். நல்ல பல் எல்லாவற்றையும் பார்க்கிறாள், அவசரப்படவில்லை, ஓர் இடத்தைக்கூட விடவில்லை, நான் செய்யாமல் விட்ட வேலையை எனக்கு முன்னால் நின்று செய்கிறாள். முழுச் சுற்று முடிந்து பல் போன இடம் மறுபடி வரும்போது கையைத் தூக்குகிறாள், நிறுத்து. நான் ஸ்பேனரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து அவள் பார்க்கும்படி மேலே தூக்கிக் காட்டுகிறேன், சக்கரம் அசையாது என்று. அவள் சுட்டுவிரலை ஓட்டைக்குள் விட்டு அந்த ஈறுகளைத் தடவிப் பார்க்கிறாள். வெளியே எடுத்த விரல் கறுப்பாக இருக்கிறது. அதைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள், பக்கத்தில் வந்து என் சட்டைப் பையின் மேல் அதைத் துடைக்கிறாள், ஒரே இழுப்பு, அழுத்தி. உதடு எதையோ சொல்லப் பார்க்கிறது, "ப்" என்று காற்று வருகிறது, அதற்கு மேல் வரவில்லை, அவளே தலையை ஆட்டி அதை விட்டுவிடுகிறாள். என்னவென்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வலது கையைத் தூக்கிக்கொள்ள முடியாத ஒருத்தியிடம் போய் மன்னிப்பையும் தூக்கிக் கொடு என்று கேட்பதா?

அவள் பரஞ்சோதியின் கையிலிருந்து பன் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறாள். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள், இப்போது மணி பன்னிரண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைவில் இல்லை. நாற்காலியை ஜீப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லிக் காட்டுகிறாள், போடுகிறேன். உட்கார்ந்து, பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். பரஞ்சோதி டீயை டம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டு போகிறான், அவன் கையைத் தள்ளிவிட்டு டம்ளரைத் தானே வாங்கித் தொடை இடுக்கில் வைத்துக்கொள்கிறாள். பன்னைப் பிய்த்துத் தோய்த்து, சிந்தாமல், இழுத்துக்கொண்ட வாயின் நல்ல பக்கமாக வைத்து மெல்லுகிறாள். "கியர் பாக்ஸ இறக்கணுமாண்ணே?" என்று பரஞ்சோதி அடிக்குரலில் கேட்கிறான். "இறக்கணும். பல்லு இருக்கிற ரிங்கையே மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்." "நானும் கூட நிக்கிறேன். ஒவ்வொண்ணா பாத்து மாத்துவோம்." சரி என்கிறேன். ஜாக்கியும் கட்டைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் எதையும் தொடவில்லை.